சகலையின் மழை

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் சாலை என்பது பஸ் வந்து சேர்ந்த பிறகு போடப்படும் ஒன்று. நான் ஓட்டிக்கொண்டு போவேன். முன்னால் சாம்பல் நிறத்தில் ஒரு வெறுமை இருக்கும். பஸ்ஸின் மூக்கு அதைத் தொடப்போகும் சமயத்தில் அவசர அவசரமாகத் தார் வந்து விழும். பிறகு நடைபாதை, பிறகு மரங்கள், கடைசியில் போனால் போகிறதென்று மனிதர்கள். கொரட்டூரில் வெகுகாலமாகக் குடியிருப்பவன் என்பதால் இதில் எனக்கு எந்த விநோதமும் தெரியவில்லை. எங்கள் தெருவுக்கும் ஏறக்குறைய இந்த வரிசையில்தான் எல்லாம் வந்தது.

நான் சொல்வது பஸ் ஓட்டும் விளையாட்டு. ஐம்பதை நெருங்குகிறவன், தினமும் நிஜ பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போய்வருகிறவன், சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து பொய் பஸ் ஓட்டுவானேன் என்று கேட்டவர்கள் உண்டு. தொங்குகிறவனுக்குத்தான் டிரைவர் சீட்டின் அருமை தெரியும். தவிர, முகம் தெரியாத ஒரு புண்ணியவான் அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து ஆவடி வழியாகப் பூந்தமல்லி வரைக்கும் உள்ள சாலையை அப்படியே வரைந்து, விளையாட்டோடு சேர்த்துக்கொள்ளும்படி இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்தார். மற்றவர்கள் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் ஓட்டுகிறார்கள். எனக்குத் திருமுல்லைவாயல் போதும்.

என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. அதுதான் பஸ்ஸின் முன்சீட்டு. அதில் என் மனைவி உட்காருவாள். அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவள். "வாரம் பூரா நின்னுக்கிட்டே போய் நின்னுக்கிட்டே வரேன். இங்கயாவது உட்கார்ந்து வரேனே" என்பாள். மடியில் முருங்கைக்கீரையோ அவரைக்காயோ இருக்கும். கண் திரையில் இருக்கும். கை தன்பாட்டுக்குக் கீரை ஆயும், நார் உரிக்கும்.

"பின்னாடி உட்கார்ந்திருக்கிறவருக்கு மூஞ்சியே இல்லையே?"

"கம்ப்யூட்டருக்கு வயசாயிடுச்சு. மூஞ்சி வரையற அளவுக்குத் தெம்பு இல்ல."

"நமக்கும்தான் வயசாயிடுச்சு. மூஞ்சி இருக்கில்ல?"

இப்படிப் பேசிக்கொண்டே பூந்தமல்லி வரை போய்வருவோம். வாரத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்தாற்போல் உட்காருகிற நேரம் அது ஒன்றுதான். அப்போது அது எனக்குத் தெரியவில்லை. கையில் இருக்கும்போது ஒன்றின் விலை தெரிந்துவிட்டால் நான் ஏன் நகைச்சுவைக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன்?

இனி சகலை. என் மனைவியின் தங்கை கணவர். கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி. வேலை, காட்டுப்பாக்கத்தில் லிஃப்ட் வைத்த அடுக்ககத்தில் சொந்த ஃபிளாட். என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவரைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. அவரிடம் எனக்கு உள்ள மனத்தாங்கல் முழுவதும் அதனால்தான்.

எங்கள் இருவரையும் எங்கள் மாமியார் ஒரு தராசின் இரண்டு தட்டுகளாக நடத்தி வருகிறார். அவர் திருநெல்வேலியில் இருக்கிறார். தீபாவளிக்கு இரண்டு மாப்பிள்ளைக்கும் ஒரே கடையில், ஒரே துணியில், ஒரே நிறத்தில் சட்டை. ஒருவருக்கு ஒரு படி மேலாக எடுத்துவிட்டால் இன்னொருவர் மனம் கோணும் என்பது அவர் கட்சி. அதோடு நிற்காது. எடுத்துக் கொடுத்ததை மாப்பிள்ளைகள் போட்டுக்கொண்டு அவர் எதிரில் வந்து நிற்க வேண்டும். கிளிப்பச்சைச் சட்டையில் நானும் சகலையும் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் புகைப்படம் ஒன்று உண்டு. ஏதோ பாண்டு வாத்தியக் கோஷ்டியில் மற்றவர்கள் வரவில்லை என்று தோன்றும். அந்தச் சட்டை சகலைக்குப் பொருந்தியிருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

பஸ் விளையாட்டைச் சகலைக்குச் சொன்னது நான்தான். "அப்படீங்களாண்ணா? பாக்கறேனுங்" என்றார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஒரு மாதம் கழித்து ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டார். போனோம். சாப்பாடு முடிந்ததும், "வாங்ணா, ஒண்ணு காட்டறேன்" என்று உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

புதுக் கம்ப்யூட்டர். பெட்டியின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே ஆடி மாதத்து அம்மன் கோயில் மாதிரி சிவப்பும் நீலமுமாக விளக்குகள் ஓடிக்கொண்டிருந்தன. நடுவில் செங்கல் கனத்துக்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. திரையில் தெரிகிற சாலை, மரம், ஆள், எல்லாவற்றையும் வரைந்து தள்ளுவது இந்தக் கார்டுதான். அதில் மூன்று விசிறிகள். எங்கள் வீட்டுக் கூடத்தில்கூட ஒரு விசிறிதான்.

சகலை விளையாட்டைப் போட்டார். அம்பத்தூர் ஓ.டி. வந்தது. அது எங்கோ ஒரு வெளிநாட்டு அம்பத்தூர் என்று சொல்லும்படி வந்தது. சாலை தொடுவானம் வரைக்கும் முன்கூட்டியே போடப்பட்டிருந்தது. பயணிகளுக்கு முகம் இருந்தது. சிலர் சலித்துக்கொள்ளக்கூடச் செய்தார்கள்.

என் மனைவி கையைத் தட்டினாள். "ஏங்க, நம்ம டெய்லர் கடை! போர்டைப் படிக்க முடியுது பாருங்க. அவசரத் தையல் செய்து தரப்படும்னு போட்டிருக்கு. என் பிளவுஸைக் குடுத்து ஒரு மாசமாச்சு, அவசரமாம்!"

"அக்கா, உக்காருங்க்கா" என்று சகலை நாற்காலியை இழுத்துப் போட்டார். அது மெத்தை வைத்த நாற்காலி. "மழை போடட்டுங்களா?"

மழை பெய்தது. கண்ணாடியில் துளிகள் விழுந்து, நெளிந்து, ஒன்றோடொன்று சேர்ந்து வழிந்தன. வைப்பர் அவற்றை ஒதுக்கியது. சிக்னலின் சிவப்பு, ஈரச் சாலையில் கரைந்து நீளமாக ஓடியது. ஸ்டாப்பிங்கில் குடை பிடித்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள்.

"இன்னும் கொஞ்சம் கூட்டட்டுங்களாக்கா?"

"கூட்டுங்க, கூட்டுங்க" என்றாள் என் மனைவி.

கொரட்டூர்க்காரர்கள் மழையைக் கூட்டச் சொன்னதாக இதற்கு முன் தகவல் இல்லை. இரண்டு நாள் சேர்ந்தாற்போல் பெய்தால் ஏரியைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிடுவோம். மூன்றாம் நாள் வண்டிகளைக் கொண்டுபோய் மேட்டில் நிறுத்துவோம். முழங்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து பழகியவள், காட்டுப்பாக்கத்தின் மூன்றாவது மாடியில், மெத்தை நாற்காலியில், இன்னொருவர் பெய்வித்த மழையைக் கூட்டச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நின்றுகொண்டே போவது எனக்குப் பழக்கம்தான்.

என் விளையாட்டிலும் மழை உண்டு. செட்டிங்ஸில் மழை என்று ஒரு வரி இருக்கிறது. ஒருமுறை அதைத் தொட்டேன். கம்ப்யூட்டர் மிக்ஸி மாதிரி இரைந்தது, திருமுல்லைவாயலில் பஸ் அந்தரத்தில் நின்றது, திரை கறுத்தது. அதிலிருந்து என் பூந்தமல்லி சாலையில் நிரந்தர வறட்சி.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மனைவி சொன்னாள். "அவர் பஸ் நல்லா இருக்குல்ல?"

"ம்."

"என்ன ம்?"

"நல்லா இருக்குன்னு சொன்னேன்."

காவியங்களில் பொறாமைக்கு ஒரு கௌரவம் இருந்தது. அங்கே நாடு இருந்தது, மகுடம் இருந்தது, சபையில் ஒரு சிரிப்பு இருந்தது. நானும் அவற்றையெல்லாம் படித்து, ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டவன்தான். எனக்கு வாய்த்த பொறாமை மூன்று விசிறி வைத்த ஒரு கார்டின் மேல்.

அந்த வாரம் முழுக்க ஆபீஸில் மதியச் சாப்பாட்டு வேளையில் கிராஃபிக்ஸ் கார்டுகளைப் பற்றியே படித்தேன். ஒரு நொடிக்குத் திரை எத்தனை முறை புதிதாக வரையப்படுகிறது என்பதுதான் இந்த உலகத்தில் ஜாதகம், குலம், கோத்திரம் எல்லாம். அந்த எண்ணைத் திரையின் மூலையில் தெரிய வைக்கலாம் என்று அறிந்தேன். சனிக்கிழமை வைத்தேன். பதினெட்டு காட்டியது. சகலை வீட்டில் அதே மூலையில் நூற்றுச் சொச்சம் பார்த்த ஞாபகம்.

மனைவி அவரைக்காயோடு வந்து உட்கார்ந்தாள். நான் எண்ணைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். காலிச் சாலையில் எண் ஏறியது. ஸ்டாப்பிங்கில் கூட்டம் நின்றால் விழுந்தது. அத்தனை பேரையும் வரைய வேண்டுமே. ஆகவே கூட்டம் இருந்த இடத்திலெல்லாம் வலப்பக்கமாக ஒதுங்கி, அழுத்திப் பிடித்துப் போனேன். இருபத்திரண்டு வந்தது.

"ஸ்டாப்பிங்ல நிறுத்தலையா?" என்றாள்.

"நிறுத்தினா நம்பர் விழுது."

"எந்த நம்பர்?"

சொன்னேன். ஆவடி வரும்வரை விளக்கமாகச் சொன்னேன். கார்டின் நினைவகம், அதன் வேகம், சகலையின் கார்டுக்கும் இதற்கும் உள்ள தலைமுறை இடைவெளி. ஆவடியில் அவள் எழுந்துவிட்டாள். "அரிசி களையணும்."

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. "நீங்க போங்க, எனக்கு வேலை இருக்கு." அதற்கடுத்த வாரம் பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் துவைத்த துணி குவிந்திருந்தது. துணி ஏறிய நாற்காலியில் மறுபடி ஆள் ஏறுவது எங்கள் வீட்டில் சுலபத்தில் நடக்கிற காரியமில்லை. மழையில் போய்வந்தவளுக்கு என் வறண்ட பஸ் பிடிக்கவில்லை என்று எனக்குப் பட்டது. அவளை அந்த நாற்காலியில் மறுபடி உட்கார வைக்க வேண்டும். அதற்கு ஒரு கார்டு வேண்டும்.

இந்த நேரம் பார்த்துத்தான் சகலை போன் செய்தார். "அண்ணா, அக்கா சொன்னாங்க, நீங்க கார்டு பாக்கறீங்களாம். இதுக்கு முன்னாடி வச்சிருந்த கார்டு ஒண்ணு எங்கிட்டச் சும்மா கெடக்குதுங்ணா. நல்லாத்தான் ஓடுது. எடுத்துக்கறீங்களா?"

குரலில் ஒரு துளிகூட ஏளனம் இல்லை. தேடித்தேடிப் பார்த்தேன். இல்லை.

"வேண்டாம் சகலை, நான் ஒண்ணு பார்த்து வச்சுட்டேன்" என்றேன்.

"என்ன கார்டுங்ணா?"

"புதுசு" என்றேன். வேறு விவரம் அப்போது என்னிடம் இல்லை.

மறுநாள் கம்ப்யூட்டர் பெட்டியை ஆட்டோவில் ஏற்றி, அம்பத்தூரில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். என் வயதுக்காரர். வாயில் எப்போதும் ஏதாவது மென்றுகொண்டிருப்பார். பெட்டியைத் திறந்ததும் மெல்வதை நிறுத்தினார்.

"இன்னா சார், உள்ள விபூதி கொட்டிக் கீது?"

"தூசி."

"தூசி இல்ல சார், மோந்து பாரு. வாசனை வருது."

ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை பெட்டியின் மேல் விபூதிப் பட்டை போடுவது எங்கள் வழக்கம். காற்றுப்போக மேலே ஓட்டைகள் இருக்கின்றன. பத்து வருடத்துப் பக்தி உள்ளே இறங்கியிருந்தது. அவர் பிளோயரை வைத்து ஊதினார். கடை கொஞ்ச நேரம் சந்நிதி மாதிரி இருந்தது.

"சொல்லு சார், கார்டு எதுக்கு ஓணும்? எடிட்டிங்கா?"

"பஸ் ஓட்டணும்."

"லைசென்ஸ் கீதா?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சும்மா சொன்னேன் தலைவா. என் மச்சான் ஒருத்தன் கீறான், ஊட்டுல குந்திகினு ஏரோப்ளேனே ஓட்டுறான்" என்றார்.

சகலையின் கார்டைப் பற்றிச் சொல்லி, அதைவிட ஒரு படி மேலாக வேண்டும் என்றேன். அவர் ஒரு ஸ்கேலை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துக் காட்டினார். சகலையின் கார்டு உள்ளே போக வேண்டுமானால் பெட்டியின் முன்பக்கத்தை அறுக்க வேண்டும். கரண்ட் கொடுக்கும் பெட்டியும் போதாது. அதை மாற்றலாம், ஆனால் பெரிய கார்டு எவ்வளவு வேகமாக வரைந்தாலும் அதற்கு வேலை சொல்கிற பிராசஸர் கிழம். "இவரு சொல்லி முடிக்கிறதுக்குள்ள அது தூங்கிப்பூடும்." சகலை இலவசமாகத் தருவதாகச் சொன்ன பழைய கார்டைப் பற்றியும் விசாரித்தேன். அதுவும் நீளம்; அதற்கும் தனியாக ஒரு கரண்ட் வயர் வேண்டும். என் பெட்டிக்குள் போகாது.

மனம் லேசாயிற்று. ஆனால் இதை வீட்டில் சொல்லவில்லை. மானத்துக்காக மறுத்ததாக இருப்பது எவ்வளவோ மேல். பெட்டிக்குள் போகாததால் மறுத்தேன் என்றால் யார் மதிப்பார்கள்?

தனி வயர் கேட்காத, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளமான, ஒரே ஒரு விசிறி வைத்த கார்டுகள் சில உண்டு. அவற்றில் இரண்டைக் கடைக்காரர் காட்டினார். ஒன்றில் நினைவகம் குறைவு; ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் அதற்கு ஞாபகம் இருக்காது. இன்னொன்றில் கூடுதல். "இத்த எடு சார். உன் வண்டிக்கு இத்தான் லிமிட்டு. இதுக்கு மேல போட்டா வண்டியவே மாத்தணும்." பெயரை எழுதி வாங்கிக்கொண்டேன். மழை வருமா என்று கேட்டேன். "தூறும்" என்றார்.

தூறல் போதும் என்று வாங்கியே இருப்பேன். அதற்குள் விஷயம் திருநெல்வேலிக்குப் போய்விட்டது. சகலை பழைய கார்டைக் கொடுக்க முன்வந்ததும் நான் மறுத்ததும் அக்கா தங்கை வழியாக அம்மாவை எட்டியிருந்தது. மாமியார் என் மனைவியைக் கூப்பிட்டார். போன் காதில்தான் இருந்தது. ஆனால் அவர் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை.

"ஏட்டி, மூத்த மாப்பிள்ளைக்குப் போயி பழசையா குடுப்பாவ? கேக்கவுக என்ன சொல்லுவாவ?"

"அம்மா, அது துணி இல்லம்மா. கம்ப்யூட்டருக்குப் போடறது."

"என்னமும் இருந்துட்டுப் போட்டும். பழசு பழசுதான. தீவாளி வருதுல்லா, இந்த வருசம் சட்டை வேண்டாம். அதையே எடுத்துருவோம். ரெண்டு பேருக்கும் ஒண்ணுபோல."

"தங்கச்சி வீட்டுல ஏற்கெனவே பெருசா ஒண்ணு இருக்கும்மா."

"இருந்தா என்னட்டி? சட்டை இருக்குன்னு சட்டை எடுக்காம இருந்தமா? மாப்பிள்ளைகிட்ட பேரு கேட்டு ரெண்டா வாங்கு."

மனைவி போனை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "பேரு கேக்கறாங்க."

கடைக்காரர் எழுதித் தந்த சீட்டை நீட்டினேன். மாமியாரின் சட்டம் எனக்கு நன்றாகத் தெரியும். எடுத்துக் கொடுத்தால் போட்டுக்கொண்டு எதிரில் வந்து நிற்க வேண்டும். மூன்று விசிறிக்காரர் ஒரு விசிறிக்கு இறங்கி வர வேண்டும். நான் வாயைத் திறக்கவில்லை. வெறும் வாயையே மென்றுகொண்டிருந்தவனுக்கு அவல் கிடைத்திருந்தது.

தீபாவளிக்கு மாமியார் முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தார். காலையில் எண்ணெய்க்குளியல் முடிந்ததும் இரண்டு அட்டைப்பெட்டிகளைச் சாமி படத்தின் முன் வைத்து, மூலைகளில் மஞ்சள் தடவி, ஒன்றை என் கையில் கொடுத்தார். "போட்டுப் பாருங்க மாப்ளே." புதுச்சட்டை என்றால் இரண்டு நிமிஷம். இதற்கு அரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில் ஒரு ஸ்குரூ மிச்சமாகிவிட்டது. எதிலிருந்து கழன்றது என்று இன்றுவரை தெரியாது.

கம்ப்யூட்டர் எழுந்தது. சாலை முன்கூட்டியே போடப்பட்டிருந்தது. மழையைப் போட்டேன். கடைக்காரர் சொன்னது சரி; தூறியது. பின்சீட்டுக்காரர்களுக்கு முகம் வந்திருந்தது. அவர்கள் இவ்வளவு சாதாரணமானவர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "இங்க வந்து பாரேன்!" என்று கத்தினேன். மனைவி கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள். "நல்லா இருக்கே" என்றாள். எண் நாற்பதைத் தாண்டியதைக் காட்டினேன். "ஆமா" என்றாள். வடை தீய்கிறது என்று போய்விட்டாள். நாற்காலியில் துணி அப்படியே இருந்தது.

பரவாயில்லை, பண்டிகை நாள், வேலை இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். நாளைக்குச் சகலை வீட்டு மழை நின்றுவிடும். அதற்குப் பிறகு பார்க்கலாம்.

மறுநாள் காட்டுப்பாக்கம். மாமியார் மஞ்சள் தடவிய பெட்டியைச் சகலையிடம் கொடுத்தார். சகலை இரண்டு கையாலும் வாங்கினார். பெட்டியின் மேலிருந்த பெயரைப் படித்தார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"போட்டுப் பாத்துருங்க மாப்ளே."

"போட்டுடறேனுங் அத்தை."

உண்மையிலேயே செய்தார். கண்ணாடியைக் கழற்றினார், மூன்று விசிறியைப் பக்குவமாகத் தூக்கி ஒரு துணியில் வைத்தார், ஒரு விசிறியை மாட்டினார். அவர் கையில் ஸ்குரூ எதுவும் மிஞ்சவில்லை. அத்தனை பெரிய பெட்டிக்குள், அத்தனை விளக்குகளுக்கு நடுவே, அந்தக் கார்டு கல்யாண மண்டபத்தில் தனியாக வாடகைக்கு இருக்கும் பிரம்மச்சாரி மாதிரி இருந்தது. மாமியார் நெட்டி முறித்தார். என் வாழ்நாளில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டுக்கு நெட்டி முறிக்கப்பட்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

அவருடைய திரை பெரியது. அதை நிரப்ப அந்தச் சின்னக் கார்டு திணறியது. அம்பத்தூர் ஓ.டி. தவணை முறையில் வந்தது. டெய்லர் கடைப் போர்டில் எழுத்து கலங்கியிருந்தது. மழை சுத்தமாக இல்லை. மூலையில் எண் இருபத்தைந்து. என்னுடையதைவிடக் குறைவு! தீபாவளி எனக்கு அன்றுதான்.

"என்னங்ணா, நம்ம வண்டி மாட்டு வண்டியாயிருச்சே" என்று சகலை சிரித்தார். பிறகு, "வாங்க்கா, ஒரு டிரிப் போலாம்" என்றார்.

என் மனைவி போய் உட்கார்ந்தாள்.

மழை இல்லாத, போர்டு படிக்க முடியாத, தட்டுத்தடுமாறி நகர்ந்த அந்த பஸ்ஸில் அவள் காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். தங்கையும் ஸ்டூலைப் போட்டுக்கொண்டாள்.

"எங்க எறங்கோணும், சொல்லுங்க்கா."

"திருமுல்லைவாயல்ல ஒருத்தரைப் பார்த்துட்டு, பூந்தமல்லி."

"நடுவுல எறங்குனா வேற டிக்கெட்டுங்க்கா."

"சில்லறை இல்ல."

"அப்ப நடந்து வாங்க."

அவள் சிரித்தாள். அவர் ஒவ்வொரு ஸ்டாப்பிங்கிலும் நிறுத்தினார். கதவைத் திறந்தார். கடைசி ஆள் ஏறிப் படியைத் தாண்டும் வரை காத்திருந்தார். திருமுல்லைவாயலில், "எறங்கிட்டீங்களாக்கா? பையை விட்டுட்டீங்க பாருங்க" என்றார். ஸ்டாப்பிங்கில் எண் பதினைந்துக்கு விழுந்தது. அதை அந்த அறையில் கவனித்தவன் நான் ஒருவன்தான்.

இதுவரை என் பொறாமைக்கு ஒரு முகவரி இருந்தது. கடையில் போய்க் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். அளவு இருக்கிறது, விலை இருக்கிறது. இப்போது கார்டு இரண்டும் ஒன்று. நான் பொறாமைப்படுவதற்கு அந்த மனிதரைத் தவிர வேறு எதுவும் அங்கே மிச்சமில்லை.

திரும்பி வரும்போது நிஜ பஸ். நாங்கள் நின்றிருந்த ஸ்டாப்பிங்கில் முதலில் வந்த பஸ் நிற்கவில்லை. காலியாகத்தான் இருந்தது. டிரைவர் எங்களைப் பார்த்தார். வலப்பக்கமாக ஒதுங்கி, அழுத்திக்கொண்டு போய்விட்டார். மனைவி புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏழெட்டு அடி ஓடிப்பார்த்துவிட்டு நின்றாள்.

"பார்த்தீங்களா? காலி வண்டி. நிறுத்தினா இவனுக்கு என்ன குறைஞ்சுடும்?" என்றாள். மூச்சு வாங்கியது. "தினம் காலையில இதே கதைதான். வீட்டுக்கு வந்தா நீங்களும் அதையே பண்றீங்க."

"நானா?"

"நீங்கதான். கூட்டத்தைப் பார்த்தா ஒதுங்கி ஓட்டறீங்க. கேட்டா நம்பர்ங்கறீங்க. நான் அதுல எதுக்கு உட்காரணும்? வெளியில பார்க்கறது போதாதா?"

அடுத்த பஸ் நின்றது. ஏறினோம். இடம் இல்லை. நின்றுகொண்டே வந்தோம். என்னிடம் பதில் தயாராக இருந்த ஒரே விஷயம் கார்டின் நினைவகம்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டரைப் போட்டேன். மூலையில் இருந்த எண்ணை எடுத்தேன். ஓ.டி.யிலிருந்து கிளம்பி முதல் ஸ்டாப்பிங்கில் நிறுத்தி, கதவைத் திறந்தேன். எல்லோரும் ஏறினார்கள். நான் கிளம்பவில்லை.

"ஏறுறவங்க ஏறலாம்" என்றேன் சமையலறைப் பக்கம் பார்த்து.

"நீங்க போங்க. நான் அடுத்த பஸ்ல வரேன்."

"அடுத்த பஸ்ஸும் நான்தான்."

பின்னால் கார்கள் ஹார்ன் அடித்தன. தாமதத்துக்காக விளையாட்டு மதிப்பெண்ணைக் குறைக்க ஆரம்பித்தது. புதிதாக முகம் கிடைத்த பயணிகள் அந்த முகத்தைச் சுளித்தார்கள். எஞ்சினை நிறுத்திவிட்டேன். நின்றது நின்றபடி இருந்தது பஸ்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நாற்காலியின் மேலிருந்த துணியை அப்படியே வாரிக் கட்டிலில் போட்டாள். உட்கார்ந்தாள்.

"எங்க இறங்கணும்?" என்றேன்.

"அவர் மாதிரி பேச வேண்டாம். ஓட்டுங்க."

ஓட்டினேன். ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தினேன். ஆவடி தாண்டியதும் அவள் சட்டென்று, "நிறுத்துங்க, நிறுத்துங்க, அந்தம்மா ஓடி வருது" என்றாள். அந்தம்மாள் இந்த பஸ்ஸுக்கு வருகிறவள் இல்லை. சாலையோரம் நடப்பதற்காக வரையப்பட்டவள். அங்கே ஸ்டாப்பிங்கும் கிடையாது. நிறுத்திக் கதவைத் திறந்தேன். அந்தம்மாள் திரும்பிப் பார்க்காமல் எங்களைத் தாண்டிப் போனாள்.

"ஏறலையே" என்றேன்.

"ஏறாட்டிப் போகட்டும். நிறுத்தினீங்கல்ல."

போன் அடித்தது. சகலை. "அண்ணா, அத்தையை இப்பத்தானுங் ரயிலேத்திவிட்டு வந்தேன். பெரிய கார்டைத் திரும்ப மாட்டிட்டேன். நாளைக்கு வாங்க, மழையில ஒரு ரவுண்டு போலாம். அக்காவையும் கூட்டிட்டு வாங்க."

வருகிறேன் என்று சொல்லி வைத்தேன். நெஞ்சுக்குள் மூன்று விசிறியும் சுற்றுவது எனக்குக் கேட்டது.

"யாரு?"

"சகலை. அங்க மழை வந்துடுச்சாம்."

"வரட்டும்" என்றாள். கண் திரையில் இருந்தது. "பருத்திப்பட்டு ஸ்டாப்பிங் வருது. வேகத்தைக் குறைங்க."

பொறாமை அப்படியேதான் இருந்தது. வேகத்தைக் குறைத்தேன்.